தொண்டிக் கடலில் வத்தை ஏறி ஒரு நாள் சும்மா இருக்க முடியுமா?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். துருக்கியின் போட்ரம் கடற்கரையில் குலெட் என்கிற மரப் பாய்க்கப்பலில் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு வந்த ஒருவர் கேட்கிறார்: "நம்ம ராமநாதபுரம் பக்கம் பழைய மரப் பாய்ப்படகில் அதே மாதிரி ஒரு நாள் கழிக்க முடியுமா? எப்போது, எங்கே? அம்மாவும் ஒன்பது வயது மகளும் கூட வருவார்கள்."

அதே மாதிரி முடியாது. எங்கள் பக்கத்து மரப் பாய்ப்படகான வத்தையில் வேறு மாதிரி முடியும். எனக்கு அந்த வேறு மாதிரிதான் பிடிக்கும், ஆனால் நான் தொண்டிப் பக்கத்துக்காரன். ஊர்ப்பாசத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

குலெட் என்பது இரண்டு பாய்மரமும் அகன்ற பின்பக்கமும் கொண்ட கப்பல். பின்பக்கத்தில் மெத்தை போட்டிருப்பார்கள், கீழே குளியலறையோடு அறைகள் இருக்கும். ஏஜியன் கடலில் கடற்பஞ்சு எடுக்கவும் சரக்கு ஏற்றவும் ஓடிய படகுகளின் வாரிசு அது. 1925இல் போட்ரமுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர் அந்த ஊரிலேயே ஊன்றிவிட்டார். பிறகு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கடற்பஞ்சுப் படகுகளில் சுற்றினார். இன்றைக்கு அங்கே 'நீலப் பயணம்' என்று விற்கிற சுற்றுலாவுக்கு அதுதான் ஆரம்பம். ஒரு விஷயம் கவனித்தீர்களா தெரியவில்லை: பெரும்பாலான குலெட்டுகள் நாள் முழுக்க எஞ்ஜினில்தான் ஓடும். பாயை விரித்தால் அது பெரும்பாலும் போட்டோவுக்கு.

எங்கள் பக்கம் கதை தலைகீழ். மெத்தை இல்லை, அறை இல்லை, கழிப்பறை இல்லை. ஆனால் பாய் நிஜமாகவே வேலை செய்யும்.

ராமநாதபுரம் கடற்கரைக்கு இரண்டு கடல். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே தொண்டி, நம்புதாளை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் பாக் விரிகுடா. தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் எல்லாம் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அலையும் சின்னது. நீங்கள் கேட்கிற மாதிரி நாளுக்கு வடக்குக் கடல்தான் தோது.

ஆழம் குறைந்த இந்தக் கடலுக்கென்றே உருவான படகுதான் வத்தை. அடிப்பாகம் தட்டையாக இருக்கும், முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் அடி தட்டையான படகில் பெரிய பாயை ஏற்றினால் காற்று ஒரே தள்ளில் கவிழ்த்துவிடும் அல்லவா? அதற்குத்தான் படகின் குறுக்கே ஒரு நீளமான கனத்த பலகை, வெளியே நீட்டிக்கொண்டு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து நுனிக்கு ஆட்கள் நகர்ந்துபோய் உட்காருவார்கள். படகு சாயச் சாய அவர்கள் இன்னும் வெளியே போவார்கள். காற்று தளர்ந்தால் உள்ளே வருவார்கள். தராசில் எடைக்கல் மாதிரி மனிதர்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நூறு வருடத்துக்கு முன்னால் இந்தியக் கரைகளின் படகுகளை ஊர் ஊராகப் பார்த்து எழுதியவர். பாக் விரிகுடாவின் இந்தப் பலகைப் படகை அவரும் தனியாகக் கவனித்திருக்கிறார். பெரிய வத்தைகளில் மூன்று பாய்மரம்கூட நடுவது உண்டு.

ஆக, விருந்தாளியாகப் போனாலும் "பலகைக்குப் போங்க" என்று குரல் வந்தால் போய்த்தான் ஆகவேண்டும். உங்கள் எடைக்கு அங்கே மதிப்பு உண்டு. வேறு எங்கேயும் என் தொப்பையை யாரும் பாராட்டியதில்லை.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, வைத்திருந்த வத்தைக்கு எஞ்ஜின் கிடையாது. பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து என்று பெயர். மர வத்தையில் ஏறியதும் வருகிற வாசனையே அதுதான்: குங்கிலியம், மீனெண்ணெய், நனைந்த கயிறு. சில பேருக்கு அதிலேயே வயிற்றைப் புரட்டும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எஞ்ஜின் வந்தது, 2004 சுனாமிக்குப் பின் பைபர் படகு பெருகியது, மர வத்தைகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. பாய் கட்டி ஓட்டுகிற பழக்கத்தை இப்போது பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் திருவிழாக்கள்தான். தொண்டி வட்டாரத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா, பொங்கலை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவார்கள். ஓட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டி வீட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய படகு அந்தப் பரணுக்குக் கீழேதான் இருக்கிறது.

சரி, எப்போது?

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நினைக்காதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று நேரே எங்கள் கரையில் வந்து மோதும், புயலும் அந்த மாதங்களில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் ஞாபகம் இருக்கிற கடற்கரை இது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஒற்றை இலக்கம்தானே என்று யாரும் பேரம் பேச மாட்டார்கள். ஆனி, ஆடியில் சோழகம் அடிக்கும். சில ஊர்களில் கச்சான் என்பார்கள். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், எங்கள் வடக்குக் கடல் கரையோரம் தட்டையாகத்தான் தெரியும். அதில் ஏமாந்துவிடக் கூடாது. காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. போவது சுகமாக இருக்கும், திரும்புவதற்குள் தோள் கழன்றுவிடும்.

மாசி நடுவிலிருந்து சித்திரை முற்பாதி வரைதான் சும்மா இருக்க ஏற்ற கடல். அதிலும் எனக்குப் பிடித்தது ஏப்ரல் 15க்குப் பிந்தைய பத்து நாள். அன்றைக்குத்தான் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. தடதடவென்று உறுமுகிற எஞ்ஜின்கள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, கடல் அவ்வளவு அமைதியாக இருக்கும். வெயில்தான் கொளுத்தும்.

இந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு இரண்டு காற்று. விடியற்காலையில் நிலம் குளிர்ந்து கிடக்கும், கடல் வெதுவெதுப்பாக இருக்கும், காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். அது கரைக்காற்று. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து காற்று திரும்பி வரும். அது கடற்காற்று. எங்கள் கரை கிழக்குப் பார்த்தது. அதனால் முதல் காற்று உங்களை வெளியே கொண்டுபோகும், இரண்டாவது காற்று வீட்டுக்குக் கொண்டுவரும். பைசா செலவில்லாமல் போக்குவரத்து. இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை, காற்றே இருக்காது. நீங்கள் தேடுகிற ஓய்வு அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழியும் அதிலிருந்து திரும்புகிற வழியும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் சென்னையிலிருந்து வந்த என் நண்பன் ஒருவனை ஒருமுறை கூட்டிப்போனேன். ராத்திரி தொண்டியில் தங்கினோம். காலையில் எழுப்ப எழுப்ப எழுந்திரிக்கவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்தான், கையில் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு. படகு என் மாமாவுடையது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பாயை ஏற்றினார். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாய் துவண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. நண்பன் பாட்டைப் போட்டான். நான் மாமாவிடம், "கம்பு ஊன்றித் தள்ளட்டுமா?" என்றேன்.

"ஏன்டா, காத்து என்ன நம்ம வேலைக்காரனா? வர்றப்ப வரும், உக்காரு," என்றார் மாமா. அப்புறம் நண்பனைப் பார்த்து, "தம்பி, அந்தப் பாட்டை நிப்பாட்டுங்க. காத்து வர்றது கேக்கணும்."

இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தோம். கரையில் பெண்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. பதினொன்றரைக்குக் கடற்காற்று வந்தது, வந்த வேகத்தில் எங்களைக் கரையிலேயே கொண்டுபோய் விட்டது. மொத்தப் பயணம் ஒரு கிலோமீட்டர் இருக்குமா என்பது சந்தேகம்.

அதனால் ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள். எங்கள் பக்கம் படகு கரைவரை வராது. சேறும் மணலுமாக இருக்கிற தண்ணீரில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வில் விலகிப் போய்விடும். மிதித்தால் வால் முள்ளால் குத்தும்.

பாயை ஏற்றுவதைத் தூரத்தில் நின்று பார்க்காமல் கயிற்றில் ஒரு கை வையுங்கள். பருமல் என்கிற குறுக்குக் கழி மரத்தில் ஏற ஏற, பாய் ஒரு முறை படபடத்து, தாமான் கயிற்றை இழுத்துக் கட்டியதும் சட்டென்று வயிறு புடைத்து நிற்கும். அந்தக் கணத்தில் படகு அசைவது காலில்தான் முதலில் தெரியும். எஞ்ஜின் படகில் இது கிடையாது. சத்தம் என்றால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தண்ணீர் சலசலக்கிறது மட்டும்தான். கரைக்காற்று மெதுவானது, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போனால் அதிகம். சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழும், கண்ணாடி இல்லாவிட்டால் கண் எரியும்.

நிழல் என்பது பாயின் நிழல் மட்டும்தான். படகு திசை மாற்றினால் நிழலும் மறுபக்கம் போய்விடும், நீங்களும் போக வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலைக்கு ஒரு துண்டும் போதும். எந்தக் கிரீமும் அந்தத் துண்டுக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் காற்று ஓய்ந்ததும் நங்கூரம். இடத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். கீழே கறுப்பாகத் தெரிந்தால் கடற்புல், வெளுப்பாகத் தெரிந்தால் மணல். மணலில்தான் போட வேண்டும், நங்கூரம் புல்லை வேரோடு பிடுங்கிவிடும். இந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேயும், அதாவது கடற்பசு. அதைப் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள், நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஓங்கில், அதாவது டால்பின், வரும். தண்ணீர் தெளிந்த நாளில் அடியில் நண்டு பக்கவாட்டில் ஓடுவது படகிலிருந்தே தெரியும். இறங்கி நீந்தலாம், முதலில் சொறி, அதாவது ஜெல்லி மீன், மிதக்கிறதா என்று பாருங்கள். சில நாள் கொத்துக் கொத்தாக வரும், பட்டால் சாயங்காலம் வரை அரிக்கும்.

அந்த ஒன்றரை மணி நேரம் என்ன செய்வது என்று கேட்டால் பதில் இல்லை. மாமா பலகையில் மல்லாந்து படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். நான் தூண்டில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுவேன். போன் வைத்திருந்தால் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடலுக்குப் போகிறவர்கள் காலங்காலமாகக் கொண்டுபோவது நீராகாரமும் பழைய சோறும்தான். தாகமும் அடங்கும், வயிறும் கனக்காது. தொட்டுக்கொள்ள அப்பத்தா சுட்ட கருவாட்டோடு ஒரு துவையல் கட்டித் தருவாள். ராமநாதபுரம் குண்டு மிளகாயைச் சுட்டு, சின்ன வெங்காயம், புளி, கல்லுப்பு சேர்த்து அம்மியில் ஒரு ஓட்டு ஓட்டியது. 2023இல் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பத்தாவிடம் சொன்னபோது, "இத்தனை நாளா அது எந்த ஊரு மொளகாய்னு நெனச்சாங்களாம்?" என்று கேட்டாள். சித்திரை என்றால் நுங்கும் கிடைக்கும், குலையோடு தூக்கிப் படகில் போட்டுக்கொள்ளலாம். பிரியாணிப் பொட்டலம் வேண்டாம். நின்ற படகு லேசாக ஆடுகிற ஆட்டத்தில்தான் குமட்டல் அதிகம், ஓடுகிற படகில் குறைவு. குமட்டினால் படகுக்குள் பார்க்காமல் தூரத்தில் கரையைப் பாருங்கள்.

பதினொன்று வாக்கில் கிழக்கே தண்ணீர் ஒரு கோடாகக் கறுத்து வரும். அதுதான் கடற்காற்று. கோடு படகைத் தொடுவதற்குள் நங்கூரம் ஏறி, பாய் தயாராக இருக்க வேண்டும். திரும்புகிற ஓட்டம் வேறு ரகம். காற்று வலுவாக இருக்கும், படகு சாயும், பலகைக்குப் போகச் சொல்வார்கள். வெளியே கடலுக்கு மேல் உட்கார்ந்து, தொடையில் நுரை தெறிக்க, நாற்பது நிமிடத்தில் கரை. ஒரு மணிக்குள் இறங்கிவிடலாம். ஆக, ஒரு நாள் என்றாலும் உண்மையில் அரை நாள்தான். மீதி அரை நாள் வேப்பமரத்தடியில் தூங்கத்தான் சரிவரும்.

இனி அனுமதி விவகாரம். இதைப் படிக்காமல் போய்விடாதீர்கள்.

மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. கரையில் நின்று "எவ்வளவு கேட்கிறீங்க?" என்று பேரம் பேசி ஏறினால் மாட்டுவது படகுக்காரர்தான், நீங்கள் இல்லை. உள்ளூரில் தெரிந்தவர் வழியாக, விருந்தாளியாகப் போவதுதான் முறை. ஊர்ப் பெரியவருக்கும் மரைன் போலீசுக்கும் முன்கூட்டியே சொல்லி, ஆதார் அட்டையைக் கையில் வையுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். படகுக்காரர் அன்றைக்குத் தொழிலை விட்டுத்தான் உங்களோடு வருகிறார் என்பதை மறக்காமல், கிளம்பும்போது அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். உயிர்காப்பு மிதவை ஆளுக்கு ஒன்று, நீங்களே கொண்டுபோங்கள். கிழக்கே சர்வதேச எல்லைக்கோடு இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்தது. கரையோரம் சுற்றுகிற உங்களுக்கு அது வெகு தூரம், ஆனால் "இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாமே" என்று ஆசையில்கூடக் கேட்காதீர்கள். இந்தக் கரையில் அந்தக் கோட்டால் தூக்கம் தொலைத்த வீடுகள் நிறைய.

தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. சொந்தமாகப் படகு கொண்டுபோய் இறங்க முடியாது. குருசடைத் தீவைப் பார்க்க வேண்டுமானால் பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுகிறது. பவளமோ கடல் அட்டையோ எடுத்துப் பையில் போட்டால் வனவிலங்குச் சட்டம், ஜாமீனுக்கு அலைய வேண்டும்.

கடைசியாக அம்மாவும் மகளும். ஒன்பது வயதுக்காரியை வத்தையில் ஏற்றலாம், நீச்சல் தெரிந்து, மிதவை கட்டி, பலகைக்குப் போகாமல் நடுவில் உட்கார்வாள் என்றால். என் மச்சான் மகள் அந்த வயதிலேயே சுக்கான் பிடித்தாள். அம்மாவை ஏற்ற வேண்டாம். தண்ணீரில் நடந்து ஏறுவது, ஏழு மணி நேரம் கழிப்பறை இல்லாதது, குத்தவைத்தே உட்கார்ந்திருப்பது எல்லாம் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தண்டனை. மனைவியும் வருவதாக இருந்தால் கழிப்பறை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். நிறைய பெண்கள் வராமல் போவது கடலுக்குப் பயந்து அல்ல.

அம்மாவுக்குக் காரங்காடு இருக்கிறது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற படகுச் சவாரி. அலையாத்திக் காட்டுக்குள் ஓடை வழியாகக் கூட்டிப்போய் முகத்துவாரத்தில் கடலைக் காட்டிவிட்டு வருவார்கள். எஞ்ஜின் படகுதான், ஆனால் அனுமதியோடு, மிதவையோடு, படிக்கட்டில் இறங்கி ஏறலாம். நீங்கள் வத்தையில் போகிற அன்றே அம்மாவை அங்கே விட்டுவிடாதீர்கள். முதல் நாள் எல்லாரும் சேர்ந்து காரங்காடு போங்கள், ராத்திரி சீக்கிரம் தூங்குங்கள். மறுநாள் ஐந்து மணிக்கு அம்மாவையே எழுப்பிவிடச் சொல்லுங்கள். என் நண்பனுக்கு அப்படி எழுப்ப ஆள் இல்லாமல்தான் ஒரு கிலோமீட்டரில் முடிந்தது.